அடித்தல் உண்டு, திருத்தல் இல்லை

“தம்பி, அதை நான் கட்ட வேண்டாம்னு நீங்க எல்லாரும் சேர்ந்துதானே சொன்னீங்க?”

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் ஒரு அம்மா என் வீட்டு வாசலில் நின்று கேட்டது இது. கையில் போன். அதில் நான் எழுதிய நிரல் அனுப்பிய எஸ்எம்எஸ்: பராமரிப்புக் கட்டண நிலுவை ரூ. 20,000, தாமதக் கட்டணம் ரூ. 2,000, ஏழு நாளுக்குள் செலுத்தவும். அவர் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் குடும்பம் நொடித்துப் போயிருந்த எட்டு மாதங்களின் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதென்று கமிட்டி முடிவு பண்ணியிருந்தது. அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் எப்படி எஸ்எம்எஸ் போனது? ஒரு கோடு காணாமல் போனதால். எங்கள் பழைய பொருளாளர் எக்செல் ஷீட்டில் அந்த 20,000-ஐ ஒரு கோடு போட்டு அடித்து வைத்திருந்தார். ஷீட்டை சிஎஸ்வி கோப்பாக மாற்றி என் நிரலுக்குள் நான் ஏற்றியபோது கோடு வரவில்லை, எண் மட்டும் வந்தது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல தம்பி, கம்ப்யூட்டர் தப்பு” என்றார். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் சோறு சாப்பிடுகிறவன் நான். அது கம்ப்யூட்டர் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். யார் தப்பு என்று யோசிக்க ஆரம்பித்து, இந்த ஸ்ட்ரைக்த்ரூ என்ற சின்ன வசதியைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அதைப் பற்றிய விமர்சனக் குறிப்பு இது.

முதலில், எப்படிப் போடுவது

விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

விண்டோஸ் எக்செலில் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் 5-உம் அழுத்தினால் கோடு விழும். இன்னொரு முறை அழுத்தினால் போய்விடும். (கன்ட்ரோலோடு 2 தடித்த எழுத்து, 3 சாய்வெழுத்து, 4 அடிக்கோடு, 5 குறுக்குக்கோடு என்று வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.) மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், எக்ஸ். கூகுள் ஷீட்ஸில் ஆல்ட், ஷிஃப்ட், 5. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஃபார்மேட் மெனுவுக்குள் டெக்ஸ்ட் என்ற பகுதியில் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் நாலு வார்த்தை இருந்து அதில் ஒன்றை மட்டும் அடிக்க வேண்டுமானால், எக்செலில் எஃப்2 அழுத்தி உள்ளே போய் அந்த வார்த்தையை மட்டும் தேர்ந்தெடுத்து அதே கன்ட்ரோல் 5. இது எழுத்துக்கு மட்டும்தான் நடக்கும். எண்ணிலோ சூத்திரத்திலோ பாதியை அடிக்க முடியாது.

டெஸ்க்டாப் எக்செலில் தடித்த எழுத்துக்கும் அடிக்கோட்டுக்கும் முகப்பிலேயே பொத்தான் உண்டு, குறுக்குக்கோட்டுக்கு இல்லை. கன்ட்ரோல் 1 அழுத்தி, ஃபான்ட் பக்கத்துக்குப் போய், ஒரு சின்னப் பெட்டியில் டிக் பண்ண வேண்டும். அல்லது மேலே இருக்கும் குறுக்குப் பட்டையில் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஃபான்ட் பக்கத்தில்தான் அது இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

காகிதத்தில் அந்தக் கோடு என்ன செய்தது

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடன் நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவர் பாக்கியை முழுசாகத் தீர்த்துவிட்டால் அப்பா அந்தப் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு கோடு இழுத்து, “கணக்கு நேராயிடுச்சு” என்பார். சில பேர் பணத்தைக் கொடுத்துவிட்டு நகரவே மாட்டார்கள். “என் கண்ணு முன்னாடியே அடிச்சிடுங்க” என்று நிற்பார்கள். ரசீது கேட்க மாட்டார்கள், அந்தக் கோடுதான் ரசீது.

தொகை தப்பாக எழுதிவிட்டால் வேறு முறை. எண்ணின் குறுக்கே ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கிற மாதிரி. மேலே சரியான எண். ஓரத்தில் அப்பாவின் சுருக்கொப்பம். கிறுக்கி மறைத்தால் நோட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிடும் என்பார். கையால் கணக்கு எழுதிய எல்லா அலுவலகங்களிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். பழையது தெரிய வேண்டும், புதியதும் தெரிய வேண்டும், யார் மாற்றியது என்பதும் தெரிய வேண்டும்.

தமிழில் இதற்குப் பெயரே இரட்டைச் சொல்தான்: அடித்தல் திருத்தல். விண்ணப்பப் படிவங்களில் “அடித்தல் திருத்தல் இன்றி நிரப்பவும்” என்று போட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அடித்தல் தனியாக வராது, திருத்தலோடு சேர்ந்தே வரும். அடித்தது கணக்கில் இருந்து போய்விட வேண்டும், அதுதான் திருத்தல். கண்ணுக்கு மட்டும் தெரிவது அடித்தல்.

கோட்டுக்குச் சட்ட வலிமையே உண்டு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் காசோலை. அதன் முகப்பில் குறுக்காக இரண்டு இணைகோடுகள் போட்டால் அது கிராஸ் செய்யப்பட்ட காசோலை. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அந்த இரண்டு கோடுகளுக்குப் பொருள் சொல்கிறது: கவுன்டரில் பணமாகக் கொடுக்கக் கூடாது, ஒரு வங்கி வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பேனாக் கோடுகள் பணம் போகிற பாதையையே மாற்றுகின்றன. நூற்றி நாற்பது வருஷத்துக்கும் மேலாக இது நடக்கிறது.

இப்போது கேள்வி: விரிதாளில் நாம் போடும் கோடு எதை மாற்றுகிறது?

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். ஒர்க்‌ஷீட்ஸ் என்ற உறைக்குள் உங்கள் எண்கள். வெளியே ஸ்டைல்ஸ் என்று தனியாக ஒரு கோப்பு.

அந்த அம்மாவின் கட்டத்தைத் தேடினேன். அதில் இரண்டே விஷயங்கள்தான் இருந்தன: 20000 என்ற மதிப்பு, அலங்காரப் பட்டியலில் எத்தனையாவது அலங்காரம் என்று சொல்லும் ஒரு வரிசை எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஸ்டைல்ஸ் கோப்புக்குப் போனால் அங்கே ஒரு எழுத்துருவின் விவரம்: பெயர், அளவு, நிறம், கூடவே ஸ்ட்ரைக் என்று ஒரு சின்னக் குறி.

இதைப் பார்த்தபோதுதான் விஷயம் எனக்குச் சரியாக உறைத்தது. எக்செலைப் பொறுத்தவரை குறுக்குக்கோடு என்பது எழுத்துருவின் குணம். “இந்த எண் 11 பாயின்ட் அளவில் இருக்கிறது” என்பதும் “இந்த எண் அடிக்கப்பட்டிருக்கிறது” என்பதும் அதற்கு ஒரே வகைச் செய்தி. கமிட்டி கூடி, பேசி, கை தூக்கி எடுத்த ஒரு முடிவு, எழுத்தின் நிறத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது.

விளைவுகள் வரிசையாக இருக்கின்றன.

சம் சூத்திரம் அடித்த எண்ணையும் சேர்த்துத்தான் கூட்டும். கீழே பட்டையில் தெரியும் கூட்டுத்தொகையும் அப்படித்தான். பிவட் டேபிளும் அப்படித்தான். வி-லுக்அப் போட்டு இன்னொரு ஷீட்டிலிருந்து எடுத்தால் எண் வரும், கோடு வராது. மதிப்பை மட்டும் ஒட்டினாலும் வராது. சிஎஸ்வி-யில் எழுத்தும் காற்புள்ளியும்தான் உண்டு. அங்கே கோட்டுக்கு இடமே இல்லை.

எக்செலில் நிறத்தை வைத்து வடிகட்டலாம். கோட்டை வைத்து வடிகட்ட நேரடி வழி கிடையாது. தேடும் பெட்டியில் ஃபார்மேட்டைக் குறிப்பிட்டு அடித்த கட்டங்களைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். “இந்தக் கட்டம் அடிக்கப்பட்டிருக்கிறதா?” என்று கேட்கும் சாதாரணச் சூத்திரமும் இல்லை. பழைய எக்செல் 4 மேக்ரோ மொழியில் கெட்.செல் என்று ஒன்று உண்டு, அதில் 23 என்று கொடுத்தால் பதில் வரும். விபிஏ-வில் ஃபான்ட் என்பதன் கீழ் கேட்கலாம். ஆனால் கோடு போடுவதை எக்செல் ஒரு “மாற்றமாக” எடுத்துக்கொள்வதில்லை. அதனால் நீங்கள் எழுதின சூத்திரம் தானாகத் திரும்பக் கணக்கிடாது. கோடு போட்ட பிறகும் பழைய விடையையே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து அதன் திருத்த வரலாற்றைப் பார்க்கலாம். யார், எப்போது, எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்று வரும். அருமையான வசதி. ஆனால் அலங்கார மாற்றங்கள் அதில் வராது. 20,000-ஐ 2,000 ஆக மாற்றினால் உங்கள் பெயர் வரும். அதே 20,000-ஐ அடித்தால் வராது. அப்பாவின் நோட்டில் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த சுருக்கொப்பம் இங்கே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான்களில் பெரும்பாலானவை, வலைப்பக்கத்தில் அடித்த எழுத்தைப் படிக்கும்போதுகூட அது அடிக்கப்பட்டது என்று தாமாகச் சொல்வதில்லை. அமைப்புக்குள் போய் நாமாகத் திருப்பிவிட வேண்டும். கோட்டை மட்டும் நம்பி ஒரு விஷயத்தைச் சொன்னால், ஒரு சாராருக்கு நாம் அதற்கு நேர் எதிரானதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

“தோற்றம் வேறு, மதிப்பு வேறு” என்ற வாதம்

இந்த இடத்தில் என் தொழில்காரர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும், நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். “அலங்காரம் கணக்கைத் தொடக் கூடாது. அது அடிப்படைக் கொள்கை. கோடு போட்டதற்காக எண் மாறினால் நாளைக்குச் சிவப்பு நிறம் அடித்ததற்கும் மாறுமா?”

நியாயமான கேள்வி. 1979-இல் டேன் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் கொண்டுவந்தபோது இந்தப் பிரச்சினையே கிடையாது. திரையில் எழுத்து மட்டும்தான். தடித்த எழுத்துகூட இல்லை. கட்டத்தில் இருப்பது எதுவோ அதுதான் கணக்கு. அலங்காரங்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அவற்றைக் கணக்கிலிருந்து பிரித்து வைத்தது சரியான முடிவுதான்.

ஆனால் அந்தக் கொள்கையை விரிதாள்களே முழுசாகக் கடைப்பிடிப்பதில்லை. சப்டோட்டல் என்ற சூத்திரத்தைப் பாருங்கள். அதில் 9 என்று கொடுத்தால், வடிகட்டியதில் மறைந்த வரிசைகளை விட்டுவிட்டுக் கூட்டும். 109 என்று கொடுத்தால் நாம் கையால் மறைத்த வரிசைகளையும் விட்டுவிடும். ஒரு வரிசை திரையில் தெரிகிறதா இல்லையா என்பது தோற்றம்தானே? அது கூட்டுத்தொகையை மாற்றுகிறதே? அதே மாதிரி எக்செலின் அமைப்புகளில் “காட்டியபடியே துல்லியம்” என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால், திரையில் இரண்டு தசம இடம் தெரிந்தால் உள்ளே இருக்கும் எண்ணையே இரண்டு தசமமாக நறுக்கிவிடும். ஆக, தேவை என்று பட்ட இடங்களில் தோற்றத்துக்கும் கணக்குக்கும் நடுவே கதவு வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் நூற்றாண்டுகளாகக் கணக்குப் புத்தகத்தில் ரத்துக்கு வைத்திருந்த குறிக்கு மட்டும் கதவு இல்லை.

சரி, அப்படியானால் அடித்த எண்ணை சம் விட்டுவிட வேண்டுமா? ஒரு வாரம் இதை யோசித்தேன். வேண்டாம் என்பதுதான் என் பதில். விரிதாளில் அலங்காரம் தொற்றுநோய் மாதிரி. ஒரு கட்டத்தை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் கோடும் கூடவே போய் ஒட்டும். பெயின்ட் பிரஷ் பொத்தானை வைத்து நிறத்தைப் பரப்பும்போது கோடும் பரவும். அப்படிப் பரவின கோடெல்லாம் சத்தமில்லாமல் கூட்டுத்தொகையைக் குறைக்க ஆரம்பித்தால், எனக்கு நடந்ததைவிட மோசமான விபத்துகள் நடக்கும்.

என் குற்றச்சாட்டு வேறு. கோடு கணக்கை மாற்றாததில் எனக்குக் குறையில்லை. “நான் கணக்கை மாற்றவில்லை” என்று அது யாரிடமும் சொல்லாததுதான் குறை. எண்ணாக இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தாக எண் இருந்தால் எக்செல் மூலையில் ஒரு பச்சை முக்கோணம் காட்டி எச்சரிக்கிறது. கூட்டும் வரிசையில் பக்கத்து எண்ணை விட்டுவிட்டால் அதற்கும் காட்டுகிறது. நீங்கள் கூட்டும் வரிசையில் 11 எண்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன, அவையும் சேர்ந்தே கூட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கு ஒரு முக்கோணம் கிடையாது. சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது சில அம்சங்கள் போய்விடும் என்று பொதுவாக ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படித்துவிட்டு “சரி, நிறம்தானே போகும்” என்று தாண்டிப் போகாதவர் யார்?

வலைப்பக்கக்காரர்கள் இதை யோசித்தார்கள்

ஒப்பிட்டுப் பார்க்க எச்டிஎம்எல் நல்ல உதாரணம். ஆரம்பத்தில் அங்கேயும் கோடு வெறும் அலங்காரம்தான். எஸ், ஸ்ட்ரைக் என்று இரண்டு குறிகள் இருந்தன. 1999-இல் வந்த 4.01 பதிப்பு இரண்டையுமே கைவிடச் சொன்னது. ஆனால் டெல் என்று இன்னொரு குறியை வைத்திருந்தது: “இது ஆவணத்திலிருந்து நீக்கப்பட்டது” என்பது அதன் பொருள். நீக்கிய தேதியையும், காரணம் சொல்லும் பக்கத்தின் முகவரியையும் அதனோடு சேர்க்கலாம். அப்பாவின் சுருக்கொப்பம் மாதிரியேதான்.

2014-இல் முழுமையான எச்டிஎம்எல் 5-இல் எஸ் குறி திரும்பி வந்தது, இந்த முறை ஒரு பொருளோடு: “இது இப்போது சரியல்ல, அல்லது பொருந்தாது.” கடையில் பழைய விலையை அடித்துப் புது விலை போடுவதற்கு எஸ். ஆவணத்தில் ஒரு வரியை நீக்குவதற்கு டெல். ஸ்ட்ரைக் வழக்கொழிந்தது. திரையில் எல்லாமே ஒரே கோடுதான். ஆனால் கோட்டுக்கு ஒன்றுக்கு மேல் அர்த்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அவற்றைப் பிரித்து வைத்தார்கள்.

(இதற்கு எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. யூனிகோடில் 0336 என்ற எண்ணில் ஒரு குறி இருக்கிறது, முந்தைய எழுத்தின் மேல் கோடு போடும். சமூக ஊடகங்களில் அடித்த எழுத்து உருவாக்கித் தரும் தளங்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் அதைச் செருகுகின்றன. அங்கே கோடு தரவுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது, அதன்பின் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. தமிழில் இன்னும் மோசம். “கி” என்பது உள்ளே இரண்டு குறிகள், நடுவில் கோடு புகுந்து எழுத்தையே உடைத்துவிடும். தயவுசெய்து விரிதாளில் இதை ஒட்டாதீர்கள்.)

179 ஒப்பந்தங்கள்

கண்ணுக்கு மட்டும் தெரியும் குறியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணம் ஒன்று. இது கோடு இல்லை, மறைத்த வரிசைகள். ஆனால் நோய் ஒன்றுதான். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் சொத்துகளில் ஒரு பகுதியை பார்க்ளேஸ் வங்கி வாங்கியது. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்கிறோம் என்ற பட்டியல் ஒரு எக்செல் கோப்பில் இருந்தது. வேண்டாதவை மறைக்கப்பட்ட வரிசைகளில் இருந்தன. நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காக அவசர அவசரமாக அதை மறுபடி வடிவமைத்து பிடிஎஃப் ஆக்கியபோது மறைந்திருந்தவை வெளியே வந்துவிட்டன. 179 ஒப்பந்தங்கள் வாங்கும் பட்டியலில் சேர்ந்துகொண்டன. அதன்பின் “அவை தவறுதலாகச் சேர்ந்தவை” என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டி வந்தது.

“வேண்டாம்” என்ற முடிவைத் தோற்றத்தில் வைத்தார்கள். தோற்றம் மாறியதும் முடிவும் மாறிவிட்டது. எங்கள் குடியிருப்பில் நடந்ததும் அதேதான், தொகை மட்டும் சின்னது.

என் பங்குத் தப்பு

எங்கள் ஷீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலுவைப் பட்டியலில் 31 வரிசைகள். கீழே சம் சூத்திரம் போட்ட கூட்டுத்தொகை ரூ. 2,18,500. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் சூத்திரம் இல்லாமல், வெறும் எண்ணாக 1,44,000 என்று இருந்தது.

பழைய பொருளாளர், எழுபதைத் தாண்டியவர், ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியும், எக்செல் அடித்ததையும் சேர்த்துக் கூட்டும் என்று. அதனால் ஒவ்வொரு மாசமும் அடிக்காத எண்களை மட்டும் கால்குலேட்டரில் கூட்டி, கையால் டைப் பண்ணி வைத்திருக்கிறார். அடித்த 11 வரிசைகளின் கூட்டு ரூ. 74,500, கழித்தால் சரியாக 1,44,000 வருகிறது.

நான் என்ன செய்தேன்? இரண்டு கூட்டுத்தொகையைப் பார்த்தேன். ஒன்று சூத்திரம், ஒன்று கையால் டைப் செய்தது. பெரியவர் எப்போதோ போட்டுவிட்டு மாற்ற மறந்திருப்பார் என்று நானே தீர்மானித்து, கையால் போட்டதை அழித்தேன். சரியான எண்ணை அழித்துவிட்டுத் தப்பான எண்ணை நம்பினேன். அவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் ரெண்டு நிமிஷ வேலை.

பிற்பாடு அவரோடு உட்கார்ந்து அந்த 11 கோடுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏழு பேர் பணம் கட்டிவிட்டார்கள். மூன்று வரிசைகள் இரண்டு முறை பதிவானவை. ஒன்று தள்ளுபடி. கட்டியாச்சு, தப்பு, மன்னிச்சாச்சு: மூன்றும் வேறு வேறு, மூன்றுக்கும் ஒரே கோடு. எது எது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அவர் நல்ல ஞாபகசக்தி உள்ளவர் என்பதால் பிழைத்தோம்.

அப்போ என்ன பண்ணலாம்

நான் இப்போது பின்பற்றும் முறை இது, யாருக்காவது பயன்படலாம்.

கோட்டைக் கையால் போடாதீர்கள், விரிதாளையே போட வையுங்கள். நிலுவைக்குப் பக்கத்தில் “நிலை” என்று ஒரு நெடுவரிசை. அதில் தேர்ந்தெடுக்கும் பட்டியல்: நிலுவை, கட்டியாச்சு, தப்புப் பதிவு, தள்ளுபடி. அதன்பின் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் ஒரு விதி: நிலை என்பது “நிலுவை”யாக இல்லாவிட்டால் அந்த வரிசை முழுக்கக் குறுக்குக்கோடு போடு. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. கூட்டுத்தொகைக்கு சம்-க்குப் பதில் சம்-இஃப்ஸ், நிலை “நிலுவை” என்று இருப்பவற்றை மட்டும் கூட்டச் சொல்லி.

இப்படிச் செய்தால் கண்ணுக்குக் கோடும் தெரியும், கணக்கும் சரியாக வரும். வடிகட்டலாம். திருத்த வரலாற்றில் வரும். சிஎஸ்வி-யாக மாற்றினால் கோடு போகும், ஆனால் “தள்ளுபடி” என்ற சொல் பத்திரமாகக் கூடவே வரும். முடிவு தரவில் இருக்கிறது, கோடு அதன் நிழல். வெறும் செய்யவேண்டியவை பட்டியல் என்றால் இவ்வளவு வேண்டாம், கூகுள் ஷீட்ஸில் ஒரு செக்பாக்ஸும் அதே மாதிரி ஒரு விதியும் போதும். மளிகைச் சாமான் லிஸ்ட்டுக்கு கன்ட்ரோல் 5-ஏ போதும்.

பணம் சம்பந்தப்பட்டது என்றால் கூடவே இரண்டு நெடுவரிசை: தேதி, யார். கணக்காளர்கள் இதிலும் ஒரு படி மேலே போய், பதிவை அடிக்கவே மாட்டார்கள், எதிர்ப் பதிவு ஒன்று போட்டு நேர் செய்வார்கள். இந்தியாவில் கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இது விதியாகவே வந்துவிட்டது: கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை யாராலும் அணைத்து வைக்க முடியக் கூடாது. குடியிருப்புச் சங்கங்களுக்கு அந்த விதி கிடையாது. நியாயம் ஒன்றுதான்.

ஒரு பின்குறிப்பு

இந்தப் புது ஷீட்டைப் பெரியவரிடம் காட்டினேன். நிலையை மாற்றிப் பார்த்தார், கோடு தானாக விழுந்தது. “நல்லாருக்கு தம்பி” என்றார். பிறகு “காரணம்” என்று நான் வைத்திருந்த நெடுவரிசையைப் பார்த்தார். அந்த அம்மாவின் வரிசையில் நான் “கணவர் மறைவு, மருத்துவச் செலவு” என்று எழுதியிருந்தேன்.

“இதை 48 வீட்டுக்காரங்களும் பாப்பாங்களே?”

எனக்குப் பதில் வரவில்லை.

“நான் கோட்டோட நிறுத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம். கட்டினவங்களுக்கும் கோடு, கட்ட முடியாதவங்களுக்கும் கோடு. யார் எதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாம்ல?”

இவ்வளவு நேரம் குறை என்று நான் அடுக்கியதில் ஒன்று, காரணம் சொல்லாத கோடு, அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. தெரியாமல் செய்ததல்ல. அந்தப் பார்வை இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் இல்லவே இல்லை.

இப்போது காரண நெடுவரிசையை எடுத்துவிட்டேன். எல்லோரும் பார்க்கும் ஷீட்டில் “தள்ளுபடி” என்ற சொல்லும் இல்லை. “கட்டியாச்சு”, “தப்புப் பதிவு”, “தள்ளுபடி” மூன்றுக்கும் “முடிந்தது” என்றுதான் வரும், அதற்கும் அதே கோடுதான். விவரம் கமிட்டியின் தீர்மான நோட்டில் இருக்கிறது, ஷீட்டில் தீர்மானத்தின் எண் மட்டும். நிரல் “முடிந்தது” என்பதைப் படிக்கிறது, பணம் கேட்டு எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை. போன மாசம் சிஎஸ்வி-யாக மாற்றி முதலில் சோதித்துப் பார்த்த வரிசை அந்த அம்மாவுடையது. நிலுவை என்ற இடத்தில் சுழியம் வந்தது.